பால்காரரின் சட்டை

பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் நின்றது நின்றபடியே நின்றாள். முன்னறையிலிருந்து மகள் மறுபடியும் குரல் கொடுத்தாள்.

"அம்மா, நல்ல சட்டையா ஒண்ணு எடுத்துக் குடேன். ஆஸ்பத்திரியில அப்பாவை வெறும் துணியில சுத்திக் கொடுத்திருக்காங்க. வர்றவங்க பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா?"

நல்ல சட்டைக்கு எங்கே போவது? அந்தத் தெருவில் பாதிப் பேர் உடம்பில் கிடப்பது அவள் தைத்தது. டெய்லரம்மா என்றால் தெரியாத ஆள் கிடையாது. பள்ளிக்கூடச் சீருடையிலிருந்து பிய்ந்த பைக்கு ஜிப் வைப்பது வரை எல்லாம் அவளிடம்தான் வரும். ஆனால் கட்டின புருஷனுக்கு அவள் தைத்துக் கொடுத்ததெல்லாம் அநேகமாக வேலைக்குப் போட்டுப் போகிற பச்சைச் சீருடைதான். வேறு ஒன்று வேண்டுமென்று அவரும் கேட்டதில்லை. வேறு எங்கேயும் அவர் போனதில்லையே, கேட்பதற்கு.

அடித்தட்டில் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை கிடந்தது. மகள் கல்யாணத்துக்குத் தைத்தது. அவருக்குத் தொப்பை விழுந்த பிறகு அதன் பொத்தான் பூட்டாது. கத்தரிக்கோலை எடுத்து முதுகுப் பக்கம் கழுத்திலிருந்து கீழ்வரைக்கும் ஒரே இழுப்பில் வெட்டினாள். படுத்திருக்கிறவரின் முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் வெட்டின ஓரம் பிசிர் பிசிராகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவள் கைக்கு வரவில்லை. மெஷினில் உட்கார்ந்து ஓரம் மடித்து அடித்தாள். சாவு வீட்டில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டு முன்னறையில் பேச்சு நின்றுபோனது.

மகளிடம் சட்டையைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியபோதுதான் பின்னால் ஆணியில் தொங்கிய இன்னொன்று கண்ணில் பட்டது. சாயம் போன கட்டம் போட்ட சட்டை. மெஷினுக்கு மேலே ஒழுகுகிறது, ஒழுகுகிறது என்று அவள் நச்சரித்ததால் போன லீவு நாளில் அவர் கூரைமேல் ஏறித் தகரத்தை மாற்றினார். வேர்த்து ஊற்ற இறங்கிவந்து, கழற்றி மாட்டியது. துவைக்கப் போட மறந்திருந்தாள்.

எடுத்து மூக்கில் வைத்தாள்.

அவர் வேர்வையை அவள் மோந்து பார்த்த நாட்கள் ரொம்பக் குறைவு. அவர் வேலை பார்த்த காண்டாமிருகக் காப்பகத்தின் சட்டம் அப்படி. உள்ளே போகும்போது ஒரு குளியல், வெளியே வரும்போது ஒரு குளியல். வெளியிலிருந்து குட்டிகளுக்கு எதுவும் தொற்றிவிடக் கூடாதாம், குட்டிகளிடமிருந்து வீட்டுக்கும் எதுவும் வந்துவிடக் கூடாதாம். கல்யாணமான புதிதிலிருந்து அவர் வீட்டுக்குள் நுழைந்ததெல்லாம் தலை ஈரத்தோடு, சோப்பு வாசனையோடுதான். பக்கத்து வீட்டுப் பெண்கள் "உங்க வீட்டுக்காரரு எவ்ளோ சுத்தம்" என்று பெருமூச்சு விடுவார்கள். அவளுக்குத்தான் தெரியும். வேர்வை அங்கே, சோப்பு இங்கே. உழைப்பு, பேச்சு, தூக்கம் எல்லாம் அங்கே. இங்கே வருவது கழுவித் துடைத்த மிச்சம்.

சட்டையை மடித்து மெஷினுக்குக் கீழே வெட்டுத்துணி மூட்டைக்குள் அடியில் செருகினாள். எதற்கு ஒளித்தாள் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

அவர் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம். தாயை இழந்த காண்டாமிருகக் குட்டிகளை வளர்க்கிற காப்பகம். கொம்புக்காகத் தாயைச் சுட்டுவிடுவார்கள். பால் மறக்காத குட்டி பிணத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு வந்து பாட்டிலில் பால் கொடுத்து ஆளாக்கி, மறுபடி காட்டில் விட வேண்டும். அந்தப் பாட்டில் வேலை அவருடையது. அங்கே எல்லோரும் அவரைப் பால்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். குட்டியை ராத்திரி தனியே விட்டால் பயந்துபோய்க் குடிப்பதையே நிறுத்திவிடும் என்று, குட்டி இருக்கிற காலமெல்லாம் அவர் அதன் கொட்டடியிலேயே வைக்கோல்மேல் மெத்தை போட்டுப் படுத்துக்கொள்வார்.

"எங்க கிளம்பியாச்சு, சின்ன வீட்டுக்கா?" என்று அவள் கேட்பாள்.

அவர் சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடுவார். ஆரம்பத்தில் அது வேடிக்கைப் பேச்சாகத்தான் இருந்தது. குட்டிகள் ஒன்று மாற்றி ஒன்று வர வர, அதில் வேடிக்கை தேய்ந்து வெறும் பேச்சு மட்டும் மிஞ்சியது.

வீட்டில் வாய் திறக்காத மனுஷன், எங்காவது விருந்துக்குப் போன இடத்தில் காண்டாமிருகம் என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் போதும், இலையில் சோறு ஆறுவது தெரியாமல் பேசுவார். உலகத்தில் மொத்தம் ஐந்து வகை. ஒரு காலத்தில் லட்சக் கணக்கில் இருந்தது, இன்றைக்கு ஐந்தையும் கூட்டினாலும் ஒரு பெரிய விளையாட்டு மைதானத்தில் உட்கார வைத்துவிடலாம். அதில் இரண்டு வகை, வகைக்கு ஐம்பதே தேறினால் அதிகம். காடு சுருங்கிப்போனதில் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கவே முடியாமல் கிழடு தட்டிச் சாகின்றன. இன்னொரு கிளையில் ஆண் என்று ஒன்றுகூட இல்லை, தாயும் மகளுமாக இரண்டு மட்டும் மிச்சம்.

"கொடுத்து வச்சவளுங்க," என்று அவள் ஒருமுறை சொன்னாள். பந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

போன வருஷம் காலில் அடிபட்டு வீட்டில் கிடந்தபோது அவளே அவருக்கு நகம் வெட்டிவிட்டாள். விழுந்த துண்டு ஒன்றைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இதேதாம்மா அந்தக் கொம்பும். வேற ஒண்ணுமே இல்ல. இதைப் பொடி பண்ணித் தின்னா நோய் போகும்னு எவனோ சொல்றான், தங்கத்தைவிட ஒசத்தியா விலை கொடுத்து எவனோ வாங்குறான்." அவ்வளவு அருகில், கையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதுகூட, அவர் வாயில் வந்தது அதுதான்.

இப்போது அந்த மனுஷன் முன்னறைக் கட்டிலில் முதுகு திறந்த வெள்ளைச் சட்டையில் கிடக்கிறார். நேற்று விடியற்காலை கொட்டடியில் மாரடைத்துப் போய்விட்டார். சத்தம்கூடப் போடவில்லையாம். காலைப் பால் கலக்கிக்கொண்டு போன டிரைவர்தான் பார்த்தது. மாத்திரை வாங்கிக் கொடுக்கவோ, ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றவோ அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. கடைசி மூச்சையும் சின்ன வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

காப்பகத்து ஜீப் வந்தது. இறங்கினவர்கள் எல்லோரும் பச்சைச் சீருடை. அத்தனையும் அவள் தைத்தது. டிரைவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான். கூட வந்த மிருக டாக்டர், மகள் வயதுதான் இருக்கும், அவர் கால்மாட்டில் பூ வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் பச்சைச் சீருடைகள் வாசலில் கூடி முணுமுணுக்கத் தொடங்கின. அவள் காது அங்கேயே இருந்தது.

"குடிச்சுதா?"

"எங்க! மூஞ்சியைத் திருப்பிக்குது."

"நேத்துக் காலையிலேர்ந்தா? ஐயோ."

எதிர்வீட்டுக்காரிகூட எட்டிப் பார்த்து, "ஏம்பா, அந்தக் குட்டிக்கு எப்படி இருக்கு? பாவம்," என்று விசாரித்தாள். அதற்கப்புறம் வந்தவர்களெல்லாம் கட்டிலுக்கு அருகில் ஒரு நிமிஷம், வாசலில் குட்டியின் பேச்சு அரைமணி நேரம்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நேற்றிலிருந்து அவளும்தான் பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடவில்லை. அதைக் கேட்க நாதி இல்லை. குட்டி குடிக்கவில்லையாம், ஊரே கூடி உச்சுக் கொட்டுகிறது.

டாக்டரும் டிரைவரும் தயங்கித் தயங்கிச் சமையலறை வாசலுக்கு வந்தார்கள்.

"அம்மா, கேட்கக் கூடாத நேரம்," என்றாள் டாக்டர். "அவரு போட்டுட்டுத் துவைக்காம இருக்கிற துணி எதாவது வீட்ல இருக்குமா? சட்டை, துண்டு, எதுன்னாலும் பரவாயில்ல."

"எதுக்கு?"

"குட்டிக்கு அவரு வாசனை தெரியணும். அந்த வாசனையோட இன்னொரு ஆள் போனா ஒருவேளை பாட்டிலை வாங்கும். அங்க அவரு துணியெல்லாம் நேத்தே துவைக்கிற மெஷின்ல போட்டுட்டாங்க. போட்டிருந்ததை ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்துட்டாங்க."

"அதுக்கு இது ரெண்டாவது தடவை அண்ணி," என்றான் டிரைவர். "அம்மாவைச் சுட்டப்பவும் இப்படித்தான், பக்கத்துல படுத்துக்கிட்டு ஆளைக் கிட்ட விடல. நேத்து அண்ணன்கிட்டயும் அப்படித்தான். நெஞ்சு மேல தலையை வச்சுக்கிட்டு நகரவே மாட்டேங்குது. கயிறு போட்டுத்தான் இழுத்தோம்."

நெஞ்சு மேல தலை. அவள் அடுப்பு மேடையை ஒரு துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

"எல்லாம் துவைச்சுட்டேன்," என்றாள்.

டாக்டர் தலையாட்டினாள். "சாயங்காலத்துக்குள்ள குடிக்கலைன்னா மயக்க மருந்து கொடுத்துக் குழாய் போடணும். இந்த உடம்பு அதைத் தாங்குமான்னு தெரியல. ஏற்கெனவே முதுகுல வெட்டுக் காயம். சரிம்மா, வேற வழி பார்க்கிறோம்."

"பாட்டுப் போட்டும் பார்த்தாச்சு," என்று டிரைவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "ஒண்ணும் வேலைக்காகல."

"என்ன பாட்டு?"

"அண்ணன் பாடுற பாட்டுதான். பாட்டிலைக் கொடுக்கிறப்ப எப்பவும் பாடுவாரே."

அவள் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. "யாரு? இவரா?"

"ஆமா அண்ணி. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் குளிக்கும்போதுகூட ஒரு முனகல் பாட்டு முனகினதில்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, "ஒரு தாலாட்டாவது பாடுங்களேன், எனக்குத் தொண்டை வத்திப்போச்சு," என்று இவள் கெஞ்சியிருக்கிறாள். "எனக்கு அதெல்லாம் வராதும்மா," என்று தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நடப்பார். வராதாம்.

"போடு," என்றாள்.

"அண்ணி, இப்ப வேண்டாமே..."

"போடுப்பா. நானும் கேட்கிறேன்."

டிரைவர் போனை எடுத்துத் தேய்த்தான். வைக்கோல் சரசரக்கிற சத்தம் வந்தது. பிறகு அவர் குரல். சுருதி எங்கோ, தாளம் எங்கோ. ஆனால் மெதுவாக, இழுத்து இழுத்து, தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஒரு மெட்டு.

*எந்திரிக்கலையா இன்னும்... வெயில் வந்து மூஞ்சில அடிக்குது... எத்தனை வாட்டிதான் கூப்பிடுறது... ஆறிப்போனா நான் மறுபடி சுட வைக்க மாட்டேன்... எனக்கென்ன பத்து கையா இருக்கு... வாங்க, வந்து குடிச்சுட்டுப் போங்க... குடிச்சுட்டு அப்புறம் தூங்குங்க...*

முன்னறையில் அழுகைச் சத்தம் சட்டென்று நின்றது. செத்தவர் பாடுகிற குரல் வீடு முழுக்கக் கேட்டது.

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "குட்டிக்கு எவ்ளோ மரியாதை பாருங்க. வாங்க, குடிங்க, போங்க. நாங்க எல்லாம் கிண்டல் பண்ணுவோம். ஏண்ணே, அது என்ன உங்க மேலதிகாரியான்னு. இதுதாண்டா ஒரிஜினல், மாத்தக் கூடாதும்பாரு."

அது பாட்டே இல்லை. லீவு நாளில் அவர் படுக்கையை விட்டு எழாமல் கிடக்கும்போது காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கத்துகிற கத்தல். ஒரு சொல் மாறவில்லை. பத்து கையா இருக்கு என்பதுகூட அவளுடையது. எந்தப் பெண்டாட்டியும் புருஷனைக் கூப்பிடுகிற 'வாங்க', 'போங்க'. அதை எடுத்துக்கொண்டு போய் மெட்டுக் கட்டி, வைக்கோலில் உட்கார்ந்து, அந்தக் குட்டிக்குப் பாடியிருக்கிறார்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் மனசு இளகியிருக்கும். அவளுக்கு வந்தது கோபம். வேர்வையைக் கொடுத்தார், ராத்திரியைக் கொடுத்தார், போகட்டும். என் வாயில் இருந்ததையும் அள்ளிக்கொண்டு போய் அந்தச் சக்களத்திக்குக் கொடுத்திருக்கிறாரே! என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா, நீ சொல்றதை நான் பாடுறேன் என்று?

"நிறுத்து," என்றாள்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். டாக்டர் முன்பே யாரோடோ கிளம்பிப் போயிருந்தாள். டிரைவர் மட்டும் வாடகைக்கு எடுத்த நாற்காலிகளை மடித்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டுத்துணி மூட்டையைக் கவிழ்த்தாள். கலர் கலராகத் துண்டுகள் கொட்டின. சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நிம்மதியாக அழலாம் என்றுதான் வந்தாள். அழுகை வரவில்லை. சட்டையை மூக்கருகே கொண்டுபோனபோதெல்லாம் நெஞ்சு மேல் தலை வைத்துக் கிடந்த ஒன்று குறுக்கே வந்து நின்றது. அதுவும் இப்படித்தான் மோந்துகொண்டு கிடந்திருக்குமோ?

மகள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். சட்டையைப் பார்த்தாள். தரையில் கிடந்த துணிகளைப் பார்த்தாள்.

"துவைச்சுட்டேன்னு சொன்னியேம்மா."

அவள் சட்டையை மடிக்குள் சுருட்டினாள்.

மகள் மெதுவாக அருகில் உட்கார்ந்தாள். "அது ஒரு வாயில்லா ஜீவன்மா."

"எனக்கு மட்டும் வாய் இருந்து என்னத்தைக் கண்டேன்?"

மகள் தரையில் கிடந்த துண்டுத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மூட்டைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே கடைசி நாற்காலி ஜீப்பில் விழுகிற சத்தம் கேட்டது. அவள் சட்டையோடு எழுந்தாள்.

"அவனை நிக்கச் சொல்லு."

"கொடுத்து அனுப்பப் போறியா?"

"கொடுத்தெல்லாம் அனுப்ப மாட்டேன். என் புருஷன் சட்டை என்னை விட்டுட்டுத் தனியா அங்க போகாது." புடவைக்கு மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு, கையை மணிக்கட்டுவரை மடித்துவிட்டாள். "போய்ச் சொல்லு, நானே வர்றேன்னு."

காப்பகத்து வாசலில் துப்பாக்கியோடு இரண்டு காவலர்கள் நின்றிருந்தார்கள். அவளை அடையாளம் கண்டு தொப்பியைக் கழற்றினார்கள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கம்பி வேலியைத் தாண்டி வந்ததில்லை. அவர் கூப்பிட்டிருக்கிறார், ஒரு முறை இல்லை, பல முறை. "சக்களத்தியைப் பார்க்க நான் எதுக்கு வரணும்?" என்று விட்டுவிடுவாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் வளர்ந்த காண்டாமிருகம் ஒன்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. கொம்பு இருக்க வேண்டிய இடம் மொட்டையாக, ரம்பத்தால் அறுத்த மாதிரி தட்டையாக இருந்தது.

"நாங்களே அறுத்துடறோம் அண்ணி," என்றான் டிரைவர். "வலிக்காது. மறுபடி வளரும், மறுபடி அறுப்போம். கொம்பு இல்லைன்னா சுட வரமாட்டான்னு ஒரு நம்பிக்கை. அப்படியும் வர்றானுங்க, அந்த அடிக்கட்டைக்காக."

டாக்டர் ஓடி வந்தாள். சட்டையைப் பார்த்தவள் ஒன்றும் கேட்கவில்லை. கைகால் கழுவ வாளியைக் காட்டினாள். "சட்டையில மட்டும் தண்ணி படாமப் பார்த்துக்கங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் பாட்டிலை நீட்டினாள். சோடா பாட்டில் அளவு என்று நினைத்திருந்தாள். கைக்குழந்தை கனம் கனத்தது.

கொட்டடியில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. மூலையில் வைக்கோல்மேல் மெத்தை. அதன் நடுவில் ஒரு பள்ளம், ஆள் படுத்துப் படுத்து விழுந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். வீட்டு மெத்தையில் அவர் பக்கம் இப்படிப் பள்ளம் விழுந்ததே இல்லை.

குட்டி எதிர்ச் சுவரோரம் நின்றது. அவள் மனசில் வைத்துத் திட்டிக்கொண்டிருந்த உருவத்தைவிட அது எவ்வளவோ சின்னதாக இருந்தது. சாம்பல் நிறத்தில், மடிப்பு மடிப்பாக, யாரோ பெரியவர்களின் உடுப்பை வாங்கிப் போட்டுக்கொண்ட மாதிரித் தோல் தொளதொளத்தது. முதுகில் குறுக்கே ஒரு நீளமான தையல்.

"யாரு போட்ட தையல் இது?" என்று அவளையறியாமல் கேட்டாள். "இழுத்து இழுத்துப் போட்டிருக்கு."

"நான்தாம்மா. ரெண்டு ஊசி உடைஞ்சுது. தோல் அப்படி," என்றாள் டாக்டர் கதவுக்கு வெளியிலிருந்து. "அம்மாவை விட்டு நகராம நின்னிருக்கு. கொம்பை அறுக்க இடைஞ்சலா இருக்குன்னு அரிவாளால வெட்டித் தள்ளியிருக்காங்க."

அவள் மறுபடியும் அந்தத் தையலைப் பார்த்தாள். தன் கையாலும் அதைவிட நன்றாகப் போட்டிருக்க முடியாது என்று தோன்றியது.

குட்டி தலையைத் தூக்கியது. மூக்கு நெளிந்தது. இரண்டடி வந்தது, நின்றது. பிறகு ஒரே ஓட்டமாக வந்து சட்டையில் மூஞ்சியை அழுத்தியது. அவள் சுவரில் போய் முட்டிக்கொண்டாள். அக்குளுக்குள் மூக்கை நுழைத்து, நெஞ்சில் தேய்த்து, கீச்சுக் குரலில் கத்தியது. அந்தக் கனத்த உடம்பிலிருந்து பூனைக்குட்டிச் சத்தம். அப்புறம் அவளைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனது. அவளுக்கும் சுவருக்கும் நடுவே மூஞ்சியைச் செருகித் தேடியது. மெத்தையைப் போய் மோந்தது. கதவுப் பக்கம் போனது. திரும்பி வந்து அவள் முன்னால் நின்று நிமிர்ந்து பார்த்தது.

"என்ன பார்க்கிற?" என்றாள். "எங்க ஒளிச்சு வச்சிருக்கேன்னா? இல்ல. நீயும் பார்த்தேல்ல? உன் கண்ணு முன்னாலதானே போனாரு? என்கிட்ட வந்து தேடினா எப்படி?"

குட்டி மறுபடியும் கத்தியது. பாட்டிலை அதன் வாயருகே கொண்டுபோனாள். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. இன்னொரு தரம் நீட்டினாள். தட்டிவிட்டது.

அவளுக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. நேற்றிலிருந்து யார்மீதும் காட்ட முடியாமல் கிடந்த கோபம்.

"எத்தனை வாட்டிதான் கூப்பிடுறது?" என்று கத்தினாள். "ஆறிப்போகுதுல்ல? ஆறிப்போனா நான் மறுபடி சுட வைக்க மாட்டேன், சொல்லிட்டேன். எனக்கென்ன பத்து கையா இருக்கு?"

குட்டியின் காதுகள் இரண்டும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பின.

அவளுக்குப் பாடத் தெரியாது. கத்தினதையே கொஞ்சம் தணித்துச் சொன்னாள். "வாங்க. வந்து குடிச்சுட்டுப் போங்க." சொல்லும்போது நாக்கு கூசியது. காலமெல்லாம் ஒருத்தருக்கு மட்டும் சொன்ன 'வாங்க' அது. "குடிச்சுட்டு அப்புறம் தூங்குங்க."

குட்டி ரப்பரைக் கவ்வியது. ஒரு இழுப்பு இழுத்துவிட்டு விட்டது. மறுபடி சட்டையை மோந்தது. மறுபடி கவ்வியது. இந்த முறை விடவில்லை. பாட்டில் கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்போல இழுத்தது. வெளியே டாக்டர் அடக்கி வைத்திருந்த மூச்சை விடுகிற சத்தம் கேட்டது.

பால் அதன் கடைவாயிலிருந்து வழிந்து சட்டையின் நெஞ்சை நனைத்தது. சேறும் எச்சிலும் ஏற்கெனவே அப்பியிருந்தன. அவள் குனிந்து மோந்து பார்த்தாள். பால் வாசனைதான் வந்தது. அவர் இல்லை. ஒரு கணம் பாட்டிலைப் பிடுங்கிவிடலாம் என்று கை எழுந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள், காற்று ஏறாமல்.

குடித்து முடித்ததும் குட்டி தள்ளாடிக்கொண்டு மெத்தைக்குப் போகும் என்று நினைத்தாள். போகவில்லை. அவள் காலை முட்டி முட்டி உட்கார வைத்தது. உட்கார்ந்ததும் தொப்பென்று சாய்ந்து அவள் தொடைமேல் தலையைப் போட்டது. சிமெண்ட் மூட்டை விழுந்த மாதிரி இருந்தது.

டாக்டரும் டிரைவரும் நகர்ந்து போய்விட்டார்கள். விளக்கைச் சுற்றி ஒரு பூச்சி பறந்தது. அவள் குனிந்து, யாருக்கும் கேட்டுவிடாத குரலில், குட்டியின் காதுக்குள் கேட்டாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

காது லேசாக அசைந்தது.

"என்னைக் கேட்டாரா?"

குட்டியின் மூச்சு சீராகி, சூடாக முழங்காலில் பட்டது. கண் மூடியிருந்தது. வாய் மட்டும் இன்னும் எதையோ உறிஞ்சுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தொடை மரத்துக்கொண்டு வந்தது. தலையைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கலாம். கையைக்கூட அதன் நெற்றிவரை கொண்டுபோனாள்.

வெளியே அவளை வீட்டில் விடுவதற்காக டிரைவர் ஜீப்பைக் கிளப்பினான். இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதை அவன் அணைத்துவிட்டான்.